மூன்றாம் முடிச்சில் ஒரு கை

கல்யாணப் படம் மங்கலாக விழுந்துவிட்டால் அதை ஓவியமாக்கிவிட வேண்டும். செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. டிஜிட்டல் கேமரா எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்த சமயம். பிலிம் காலத்தில் ஆடிப்போன படத்துக்கு மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கம்ப்யூட்டர் வந்ததும் வழி கிடைத்துவிட்டது. எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒரு ஃபில்டரைப் போட்டால் படம் முழுக்கத் தூரிகைக் கோடுகளாகிவிடும். மங்கலை யாரும் மங்கல் என்று சொல்ல மாட்டார்கள். "இதான் இப்ப ஃபேஷன்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடலாம்.

ஸ்டுடியோக்காரரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். படம் எடுப்பது அவர், ஓவியமாக்குவது நான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் அம்மா பெருமையாக, "கம்ப்யூட்டர்ல பெயின்ட் அடிக்கிறான்" என்பார். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள், "அப்டியே எங்க வூட்டு கேட்டுக்கும் ஒரு கோட்டிங் அடிச்சுக் குடுப்பானா?" என்று விசாரித்தாராம்.

எனக்கு அந்த வேலையின் மேல் உண்மையாகவே பிரியம். ஃபில்டருக்கு இலையும் ஒன்றுதான், கண்ணிமையும் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே பட்டையாக இழுத்துவிடும். மாமல்லபுரம் கடற்கரையில் அண்ணன் எடுத்துவந்த ஜோடிப் படங்களை முதன்முதலில் ஓவியமாக்கியபோது அலையெல்லாம் சேமியா பாயசம் மாதிரி வந்தது. பிறகு லேயர் லேயராகப் பிரித்துச் செய்யக் கற்றுக்கொண்டேன். வானத்துக்குப் பெரிய பிரஷ், பட்டுப்புடவைக்கு அதைவிடச் சின்னது, முகத்துக்கு ஊசிமுனை. மௌஸைப் பிடித்துக்கொண்டு ஜரிகையை ஒவ்வொரு கோடாக இழுப்பேன். அணுமின் நிலையத்து ஆட்கள் குடியிருக்கும் அணுபுரத்திலிருந்து வருகிறவர்கள், "நேச்சுரலா இருக்கட்டும் தம்பி" என்பார்கள். உள்ளூர்க்காரர்கள், "கொஞ்சம் செவப்பாக்கு" என்பார்கள். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு என் மனதுக்குப் பட்டதைச் செய்வேன்.

ஓவியமாக்கும் முன் படத்தைத் துப்புரவு செய்ய வேண்டும். பின்வரிசையில் கொட்டாவி விடுகிற பெரியவர், தண்ணீர் கேன், எல்லாவற்றுக்கும் மேலாக வீடியோ லைட்டின் கறுப்பு வயர். வயர் குறுக்கே வராத கல்யாணப் படமே அப்போது கிடையாது. ஐயர் தலைக்கு மேலே போகும், மணப்பெண்ணின் மடியில் ஏறும். அதை அழித்து அழித்து, கறுப்பாக நீளமாக எது தெரிந்தாலும் விரல் தானாக அழிக்கிற அளவுக்குப் பழகிவிட்டேன்.

அப்படித்தான் ஒரு மாப்பிள்ளையுடைய அக்காவின் கையையும் அழித்தேன்.

கல்யாணம் திருக்கழுக்குன்றம் பக்கம். நான் போகவில்லை. திரும்பி வந்த அண்ணன் கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தாலி கட்டற நேரம் பாத்து எவனோ தோள்ல இடிச்சிட்டான்டா. மேடையில ஒரே தள்ளுமுள்ளு. ஒரே ஒரு படம்தான் கீது, அதுவும் ஆடிப்போச்சு."

"வீடியோல இருக்குமேண்ணா?"

"வீடியோக்காரன் தேங்காத் தட்டக் காட்டிகினு இருந்தான்."

"நான் பெயின்டிங் பண்ணிட்றேன்."

"பண்ணு. சின்னதா பண்ணாத, சந்தேகம் வரும். ஆல்பத்துல நடுப்பக்கம், தனியா ஒரு ஃப்ரேம்."

உயிரைக் கொடுத்துச் செய்தேன். மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம், பெண்ணின் தாழ்ந்த இமை, மாலை. பெண்ணின் பின்கழுத்தில், மாப்பிள்ளை விரல்களுக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு பட்டை கலங்கித் தெரிந்தது. வயர். அழித்தேன். அதைச் சுற்றியிருந்த தோல்நிறக் கலங்கலை மாலையின் பூக்களை நகலெடுத்து மூடினேன். அண்ணன் பார்த்துவிட்டு, "காலண்டர் மாதிரி கீதுடா" என்று முதுகில் தட்டினார்.

ஆல்பம் வாங்க மாப்பிள்ளையின் அக்கா வந்தார். மறைமலைநகரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. ஷிப்டு முடிந்து, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். நின்றபடியே புரட்டினார். நடுப்பக்கம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"என் கை எங்க?"

"இன்னாக்கா?" என்றார் அண்ணன்.

"முடிச்சு போட்டது நானு. இங்க என் கை இருக்கணும். பூவு இருக்குது."

முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த அக்காவின் கணவர் இறந்துபோயிருந்தார். அதனால் அவர் மேடை ஏறக் கூடாது என்று பெரியம்மா முறையுள்ள ஒருவர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். தம்பி தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா வந்தாத்தான் கட்டுவேன்" என்று உட்கார்ந்துவிட்டாராம். அந்தத் தள்ளுமுள்ளில்தான் அண்ணனின் தோள் இடிபட்டிருக்கிறது. அக்கா ஏறினார், இரண்டு முடிச்சைப் போட்டார், இறங்கிவிட்டார். வேறு எந்தப் படத்திலும் அவர் இல்லை. இதையெல்லாம் அவரே சொன்னார், குரலை உயர்த்தாமல்.

"என் கைய யாரு எடுக்கச் சொன்னாங்க? பெரியம்மா போன் பண்ணாங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்லக்கா" என்றார் அண்ணன்.

"அப்ப என் கை மட்டும் எப்டிப் போச்சு? என் தம்பி விரலு அஞ்சும் பத்திரமா கீதே."

"வயர்னு நெனச்சு நான்தான் அழிச்சிட்டேன்க்கா" என்றேன்.

"வயரா?" தன் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வளையல் இல்லை. கறுப்பு வார் போட்ட ஒரு வாட்ச். "இதப் பாத்தா வயர் மாதிரியா கீது?"

அவர் நம்பவில்லை. யார் நம்புவார்கள்? நம்ப வைக்க ஒரே வழி, அண்ணன் எடுத்த படத்தை அப்படியே திறந்து காட்டுவது. காட்டினால், தாலி கட்டும் படத்தையே கோட்டைவிட்ட போட்டோகிராபர் என்ற பெயர் அந்த ஊர் முழுக்கப் பரவிவிடும். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"ஒரிஜினலத் தெற."

"அண்ணா..."

"தெறடா."

திறந்தேன். எல்லாம் ஆடிப்போயிருந்தது. மாப்பிள்ளைக்கு மூக்கு இரண்டாகத் தெரிந்தது. ஆனால் பெண்ணின் பின்கழுத்தில், மாப்பிள்ளை விரல்களை ஒட்டி, கறுப்பு வார் கட்டிய ஒரு கை இருந்தது. இப்போது பார்த்தால் கை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அக்கா திரைக்கு அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். "கீது" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இன்னா அண்ணாத்த, ஷேர் ஆட்டோல போய்கினே எடுத்தியா?"

"உங்க சொந்தக்காரங்க இடிச்சாங்கக்கா."

"அத மறைக்கத்தான் பெயின்டா?"

"அதுக்குந்தான்" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் மூச்சு வந்தது. கையை வரைந்து சேர்த்துவிடலாம், ஆனால் ஆடிப்போன விரல்களைப் பார்த்து வரைய முடியாது, அதே மாதிரி முடிச்சுப் போடும் கையைப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தர வேண்டும் என்றேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து மணப்பெண் போலத் தலையைக் குனிந்தார். கடையில் மஞ்சள் கயிறு வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

"அது வெளையாட்டுப் பொருளா?" என்று அதட்டிய அக்கா, பின்திரையைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து அண்ணன் கழுத்தில் சுற்றினார்.

"மெதுவாக்கா, மூச்சு முட்டுது."

"ஆடாத. ஆடினா படம் மங்கிடும்." என்னிடம், "நீயாவது ஒழுங்கா எடு தம்பி" என்றார்.

கையை மட்டும் வெட்டி எடுத்துப் பெண்ணின் கழுத்தருகே வைத்து, பூக்களை விலக்கி, வரைய ஆரம்பித்தேன். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்துகொண்டார். ஆட்காட்டி விரலில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. பழக்கதோஷத்தில் ஒன்றைத் தேய்த்தேன்.

"ஊசி ஏறின தழும்பு அது. அத எதுக்கு எடுக்கற? உனக்கு அழிக்கறதுதான் வேலையா?"

திரும்ப வைத்தேன். முடிந்துவிட்டது என்று நினைத்தபோது அவர் திரையிலிருந்த வாட்சைத் தொட்டுக் காட்டினார். "இதுல சாயங்காலம் ஆவுது. முகூர்த்தம் காலைல."

"பெயின்டிங்ல யாருக்கா மணி பாக்கப் போறா?" என்றார் அண்ணன்.

"பெரியம்மா பாப்பாங்க."

முகூர்த்த நேரம் கேட்டு, இருப்பதிலேயே சின்ன பிரஷ்ஷால் முள் இரண்டையும் நகர்த்தினேன்.

மறுநாள் பிரின்ட் வந்து, ஆல்பத்தின் நடுப்பக்கத்தை மாற்றி, ஃப்ரேமும் போட்டாயிற்று. அக்கா வந்தார். பழைய பேப்பரை எடுத்துச் சுற்றப் போனேன். "வேணாம், அப்டியே குடு" என்று வாங்கிக்கொண்டார். ஆல்பப் பையை நான் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை கூடப் போனேன். திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஃப்ரேமை மடியில் நிறுத்தி, படம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டார். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் குனிந்து பார்த்து ஏதோ கேட்டார். பஸ் நகரும்போது அக்கா விரலை நீட்டி, ஃப்ரேம் கண்ணாடியின் மேல் ஓரிடத்தைத் தொட்டு அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.