பின்சுவரில் ஒரு சின்ன கேட்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்சுவரில் ஒரு சின்ன கேட் இருந்தது. திறந்தால் அக்கா வீட்டுத் தெரு. தாம்பரத்தில் இந்த ஃப்ளாட்டை நான் வாங்கியதே அதற்காகத்தான். அத்தான் போன பிறகு அக்கா தனியாள், முட்டிவலி வேறு. மெல்ல நடந்து வந்து என்னோடு ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

அந்த கேட்டை மூடப்போவதாக அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் போட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பார்க்கும் வேலையே நகரத் திட்டமிடல். கடை, பள்ளிக்கூடம், சொந்தபந்தம் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டுகிறவள். என் வீட்டிலேயே வழியை அடைக்கிறார்களாம்!

கூட்டத்தில் செயலாளர், "செக்யூரிட்டிக்காகத்தான் மேடம். யார் யாரோ வர்றாங்க" என்றார்.

"யார் யாரோன்னா? எங்க அக்கா வர்றா. உங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறவங்க வர்றாங்க. வேற யாரு சார்?"

"உங்க அக்கா ஃப்ரண்ட் கேட்ல வரட்டுமே. வேணாம்னா சொல்றோம்?"

முன் கேட்டுக்கு ஜி.எஸ்.டி. ரோடு வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நடைபாதை அங்கே பேருக்குத்தான். அதிலும் பைக் நிற்கும். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. மறுநாளே வெல்டிங் வைத்துவிட்டார்கள்.

அந்த வாரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தட்டைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா பிடிவாதமாக ஆட்டோ பிடித்து வந்தாள். நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தபோது போனில் கேட் செக்யூரிட்டி ஆப் சிணுங்கியது. 'விசிட்டர் வந்திருக்கிறார். அனுமதிக்கலாமா?' கூடவே அக்காவின் போட்டோ, ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி விறைப்பாக. அவசரமாக 'ஓகே'வை அமுக்கினேன்.

சாப்பிட்டுக் கை கழுவினாள். பிறகு சொன்னாள்: "தங்கச்சி வீட்டுக்குன்னு சொன்னேன்டி. இருங்கம்மா, அவங்க ஓகே சொல்லணும்னான் வாச்மேன்."

"நான் உடனே குடுத்துட்டேனேக்கா."

"குடுத்தடி. உன்னப் பாக்க நான் எதுக்குடி கேட்டுக்கிட்டு நிக்கணும்?"

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. கூப்பிட்டால், "வலிக்குதுடி" என்பாள். ஆபீஸ் விட்டு, ரயில் பிடித்து, சுற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் தனியாகச் சாப்பிட்டுப் படுத்திருப்பாள்.

போதும் என்று ஃப்ளாட்டை விற்க முடிவு செய்தேன். அவள் தெருவிலேயே வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று. நேற்று புரோக்கர் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்சுவர் அருகில் நின்று பூரித்துப்போனார்.

"சூப்பர் மேடம். பின்னாடி வழியே இல்ல. இதுக்கே நல்ல ரேட் போகும்."