செலின் அக்கா வீட்டில் நான் சாப்பிட்ட மதியச் சாப்பாடு

போன வியாழக்கிழமை காலை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது செலின் அக்காவின் மகள் ஜெனியின் போன் வந்தது. "அத்தை, அம்மா போய்ட்டாங்க" என்றாள். அழவில்லை. "எப்பம்மா?" என்று கேட்டேன். "இப்பத்தான். கஞ்சி ஆத்தி எடுத்துட்டு வந்து எழுப்புனேன். எழுந்திரிக்கல." நான் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. அங்கேயே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பூ விற்கும் அம்மா ஒருவர், "இன்னாம்மா, தலை சுத்துதா?" என்று தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

செலின் அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. வயிற்றில் கட்டி. அடக்கத்துக்கு முன்னால் ஜெபம் முடிந்ததும், "விமலா, நீதான் பதினாறு வருஷம் கூட இருந்தே, ரெண்டு வார்த்தை பேசு" என்றார்கள். எழுந்து நின்றேன். ஒரு வாக்கியம்கூட முடிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். வாய் ஜாஸ்தி என்று பெயர் வாங்கியவள் நான். அன்றைக்கு அந்த வாய்க்கு என்ன கேடு வந்ததோ. பேச முடியாததை எழுதிப் பார்க்கிறேன். அவரைத் தெரிந்தவர்கள் அவருடைய சமையலைப் பற்றித்தான் நான் எழுதுவேன் என்று நினைப்பீர்கள். எழுதுகிறேன். அந்தச் சமையலை நம்பித்தான் நான் அவரைக் கைவிட்டேன். அதையும் எழுதுகிறேன். அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதினால் நான் மனுஷியே இல்லை.

நாங்கள் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் தையல் மெஷினில், நான் அந்த லைனுக்கு சூப்ரவைசர். அவர் சேர்ந்த முதல் நாளே தையல் கோணலாகப் போனதற்கு எல்லார் முன்னாலும் கத்தினேன். மதியம் பெல் அடித்ததும் நேராக என்னிடம் வந்தார். டப்பா மூடியில் கொஞ்சம் சோறும் குழம்பும் வைத்து நீட்டினார். "இவ்ளோ நேரம் கத்தினியே, தொண்டை வறண்டு போயிருக்கும். சாப்டு." எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். குழம்பு வாசம் கோபத்தை வரவிடவில்லை. ஆட்டுக்கறிக் குழம்பு என்று நினைத்துச் சாப்பிட்டேன். கடைசி வாயில்தான் தெரிந்தது, அது பலாக்கொட்டை.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. ஆறு பேர் வட்டமாக உட்காருவோம். எல்லா டப்பாவையும் நடுவில் வைத்து ஒரே நேரத்தில் மூடியைத் திறக்க வேண்டும். யாரும் தன் டப்பாவைத் தானே தின்னக் கூடாது. பேச்சுக்கு அது தோழமை. உண்மையில் யார் வீட்டில் என்ன நிலைமை என்று ஒருவரையொருவர் எடைபோட்டுப் பார்க்கும் இடமும் அதுதான். டப்பாவில் வெறும் ஊறுகாய் இருந்தால், "இன்னாடி, வீட்டுக்காரன் மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சுட்டானா?" என்று கேட்டுவிடுவோம். செலின் அக்காவின் டப்பா திறந்த மாத்திரத்தில் காலியாகிவிடும். அவர் எங்கள் ரசஞ்சோற்றைத் தின்றுவிட்டு விரலைச் சப்பிக்கொண்டு போவார்.

ஜெனி மூன்றாவது படிக்கும்போது அக்காவின் கணவர் நாட்றம்பள்ளி பக்கம் லாரி மோதி இறந்துபோனார். பத்து நாள் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். மதியம் டப்பாவைத் திறக்க எங்களுக்கே பயமாக இருந்தது. திறந்தோம். முருங்கைக்கீரை அடை, பூண்டுச் சட்னி, அப்படியே மணக்கிறது. ஒற்றைச் சம்பளத்தில், வாடகை வீட்டில், எப்படிக்கா என்று கேட்டேன். "காசு இல்லன்னா நேரத்தப் போடணும்டி. வெங்காயத்துக்கு அரை மணி நேரம் குடு. மெதுவா வதக்கு. சிவக்கச் சிவக்க அதுவே கறி வாசத்துக்கு வந்துரும்" என்றார்.

நேரத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து, ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர். சந்தை கலையும் நேரத்துக்குப் போவார். கூறு கட்டி ஒதுக்கின கத்திரிக்காயை வாங்கி, சொத்தையை நறுக்கி எறிந்துவிட்டு மீதியில் பச்சடி செய்வார். சுரைக்காயின் தோல் துவையலாகும், விதை பொரியலாகும். ரேஷன் அரிசியைக் கல்லுப்பு போட்ட வெந்நீரில் இரண்டு தரம் அலசி ஆறவிடுவார். அந்த மக்கல் வாசம் போய்விடும். கறிக்கடை பாயிடம் எலும்பும் கொழுப்பும் மட்டும் கேட்பார். ஒருநாள் பாய், "இன்னாம்மா, நாய்க்கா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா பாய். ரெண்டு காலு நாய், ரெண்டு இருக்குது வீட்ல" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வந்திருக்கிறார். அந்த எலும்பை வேகவைத்த தண்ணீரில், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதைப் போட்டு, கொழுப்பை உருக்கி ஊற்றி, ஒரு குஸ்கா செய்வார். கறித்துண்டு ஒன்றுகூட இருக்காது. தின்றவன் பிரியாணி தின்றேன் என்றுதான் சொல்வான். கிறிஸ்துமஸுக்கு எங்கள் லைன் முழுக்க அவர் வீட்டில் அதைத் தின்றிருக்கிறோம். வெளியே வந்து, "இவங்களுக்கு எங்கியோ இருந்து காசு வருது" என்று பேசியும் இருக்கிறோம். நானும்தான் பேசினேன்.

பிறகு அந்த மோசமான காலம் வந்தது. வெளிநாட்டு ஆர்டர் நின்றது. முதலில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள். அப்புறம் ஒருநாள் காலையில் போனால் கேட்டில் பூட்டு. பாதிப் பேர் பீடி சுற்றப் போனார்கள், சிலர் வீட்டு வேலைக்குப் போனார்கள். ஐம்பதை நெருங்கியவர்களை எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. அக்கா ஒரு டெய்லர் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் தினமும் இல்லை.

எங்கள் சபைப் பெண்கள் சேர்ந்து, ரொம்பவும் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு ஆறு மாதம் மளிகை கொடுப்பது என்று முடிவு செய்தோம். வீட்டில் நோயாளி இருந்தால் வேலூர் ஆஸ்பத்திரியில் சலுகை வைத்தியத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதமும் கிடைக்கும். லைனில் எல்லாரையும் தெரிந்தவள் என்பதால், வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினேன். அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தேன். அடுப்பு சூடாக இருக்கிறதா என்று தொட்டுக்கூடப் பார்த்தேன். யாரும் என்னை ஏமாற்றிவிட முடியாது என்ற திமிர்.

செலின் அக்காவுக்கு மட்டும் முதல் நாளே போன் செய்து, "நாளைக்கு மதியம் வர்றேன்க்கா" என்று சொன்னேன். மரியாதைக்குத்தான் சொன்னேன். அந்த மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

தெருமுனையிலேயே வாசம் வந்தது. "வா வா, சூப்ரவைசரம்மா! உக்காரு மொதல்ல" என்று பாயை விரித்தார். தட்டில் குஸ்கா, கத்திரிக்காய்ப் பச்சடி, தயிர் வெங்காயம், ஒரு முழு முட்டை. "நீங்க சாப்டலியா?" என்றேன். "ஆச்சுடி, நானும் ஜெனியும் இப்பத்தான் சாப்ட்டோம். அவ பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கா" என்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "இன்னாக்கா, இப்டி எளைச்சுட்டீங்க?" என்று கேட்டேன். "டயட்டு" என்றார். நான் சிரித்தேன். கடவுளே, வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றேன். "சூப்பர்க்கா, கையைக் கழுவவே மனசு வரல" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது.

படியில் இறங்கும்போதே நோட்டை எடுத்து எழுதினேன்: "நல்ல நிலை. உதவி தேவையில்லை." சபைக் கூட்டத்தில் ஒருவர், செலின் பெயர் இல்லையே என்று கேட்டார். "அவங்களுக்கா? நாம ரசம் வெக்கிற நாள்ல அவங்க வீட்ல பிரியாணி ஓடுது" என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த பெயருக்குப் போனோம்.

எட்டு மாதம் கழித்து, அக்காவைச் சேர்த்திருந்த வேலூர் ஆஸ்பத்திரியில், வார்டு வராந்தாவில் ஜெனி என்னிடம் சொன்னாள். குறை சொல்லவில்லை, ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள். "அன்னிக்கு நீங்க வந்தப்ப இருந்த அரிசி அவ்ளோதான் அத்தை. முட்டை பக்கத்து வீட்ல வாங்கினது. நான் இருந்தா உங்க தட்டப் பாப்பேன்னு அம்மா என்னை வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் மூணு நாள் கேழ்வரகுக் கஞ்சிதான்." வயிற்றுவலி நான் சாப்பிட்டுப் போன அந்த நாளுக்கும் நாலைந்து மாதத்துக்கு முன்பே அக்காவுக்கு வந்துவிட்டதாம். சீரகத் தண்ணீர் குடித்துக் குடித்தே தள்ளியிருக்கிறார். வேலூருக்குப் போய்வரவும், பரிசோதனைக்கும் கையில் வழியில்லை. நான் எழுதியிருந்தால் கடிதம் கிடைத்திருக்கும். டாக்டர் ஜெனியிடம் சொன்னது ஒரே வார்த்தைதான். முன்னாடியே வந்திருக்கலாமே என்றாராம்.

உள்ளே ஓடினேன். கட்டிலில் ஒரு கைப்பிடியாகக் கிடந்தார். "ஏன்க்கா என்னாண்ட சொல்லல? நான் கேக்கத்தானே வந்தேன்?" என்று அங்கேயும் கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

அக்கா கண்ணைத் திறந்தார். "நீ எங்கடி கேக்க வந்தே? பாக்க வந்தே. பாத்தே. போய்ட்டே" என்றார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "சீ, எழுந்திரு. என் மேலயும் தப்பு இருக்குது. ஏழைன்னு நீ எழுதிக்கினு போறதவிட, செலின் நல்லா சமைக்கிறான்னு சொல்லிட்டுப் போறது எனக்குப் புடிச்சிருந்துது. திமிருதான். உனக்கு மட்டும்தான் திமிரு இருக்கணுமா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே, நெஜமாத்தானே சொன்னே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதன் பிறகு நாங்கள் ஓடாத ஓட்டம் இல்லை. கடிதம் எழுதினோம், லைன் பெண்கள் எல்லாரிடமும் கையேந்தினோம். எதுவும் அவரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. கடைசி இரண்டு வாரம் வீட்டில் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. ஊரே நக்கிச் சாப்பிடும்படி சமைத்தவர், ஒரு ஸ்பூன் கஞ்சியை விழுங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதைவிட எனக்கு என்ன தண்டனை வேண்டும்?

அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினோம். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவர வேண்டும். லைன் பெண்கள் தூக்குவாளியில் சாம்பார் சாதம் கொண்டுவந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பூண்டு வதங்கும் வாசம். பெரியவர் ஒருவர், "இன்னாம்மா இது, வழக்கமில்லாத வழக்கம்?" என்றார். ஜெனி தட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். குஸ்கா. ஓரத்தில் கொஞ்சம் வெங்காயம்.

"சாப்ட்டுப் போங்க அத்தை. யாரும் சும்மா போகக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க."

தட்டை வாங்கினேன். சாப்பிடவில்லை. அவள் கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"ஜெனி, நாளைக்குச் சமைக்க வீட்ல இன்னா இருக்கு?"

"அதெல்லாம் இருக்கு அத்தை."

"நான் பாக்க வரலடி. கேக்குறேன். இன்னா இருக்கு?"

அவள் தட்டையே பார்த்தாள். "ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள். அப்போதுதான், காலையிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

செலின் அக்கா, இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு எட்டு மாதத்துக்கு மேல் ஆனது, அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். ஜெனி இனி என் வீட்டில்தான் சாப்பிடுவாள். அதைச் சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்க நான் எழுதவில்லை; அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அன்றைக்கு அந்தத் தட்டில் பாதியை அவளுக்கு ஊட்டினேன், மீதியை நான் தின்றேன். உங்கள் கை அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது, அக்கா. போய் வாருங்கள். என்னை மன்னியுங்கள்.