பக்கத்து வீட்டுக்காரர்

ஊசியக்காவுக்கு மட்டும் அந்த வாய் இல்லையென்றால், பாதிப் பேர் அந்தப் பரிசோதனைக் கூடத்தின் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார்கள். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் சுவரோரமாக ஒரு நீளப் பெஞ்சு. வெறும் வயிற்றோடு வந்த கடுப்பில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளறையில் கைவைத்த நாற்காலி, தட்டில் ஊசி, பஞ்சு, ரப்பர் பட்டை, பக்கத்தில் அக்கா. நடுவில் கதவு கிடையாது, ஒரு பச்சைத் திரை மட்டும்தான். உள்ளே பேசினால் வெளியே கேட்கும். வெளியே இருமினால் உள்ளே கேட்கும்.

அக்காவுக்கு வேறு பெயர் இல்லையா என்றால் இருந்தது. ரத்தம் எடுக்க வருகிறவர்களுக்கு அது தேவைப்படவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் எல்லோரையும்போல, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றுதான் சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் நம்பவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு வந்தவர்கள்கூட ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். ஒருநாள் ஒரு பருத்த அம்மாள் நீட்டிய கையை நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏம்மா, நனைஞ்ச குடையை விரிச்சு வைக்கணுமா, மடக்கித் தொங்கவிடணுமா? எங்க வீட்ல தினம் இதே சண்டை" என்று எதையோ கேட்டுவைத்தாள்.

அந்த அம்மாளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ. "மடக்கித் தொங்கவிட்டா கம்பி துருப்பிடிச்சிடும்மா. பாதி விரிச்சு வைக்கணும். எங்க வீட்டு மனுஷனுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு" என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து, ஒட்டியும் ஆகிவிட்டது. "எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்டார். அப்போது பெஞ்சிலிருந்து ஒரு ஆண்குரல், "பாதி விரிச்சா இடத்தை அடைக்கும்ங்க, நான் சொல்றேன் கேளுங்க" என்றது.

அதுதான் அக்காவின் தொழில் ரகசியம் ஆயிற்று. மனிதர்களுக்கு ரத்தம் குறைவாக இருந்து அவள் பார்த்திருக்கிறாள். அபிப்பிராயம் குறைவாக இருந்து பார்த்ததே இல்லை. அடுத்தவர் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்கலாமா? பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தோளில் சாய்ந்து தூங்கினால் எழுப்பலாமா? பிடிக்காத சட்டையைப் பரிசாகக் கொடுத்தவர் முன்னால் ஒருமுறையாவது போட்டுக் காட்ட வேண்டுமா? நாற்காலியில் இருந்தவர் சொன்ன பதிலுக்குப் பெஞ்சு மறுப்புச் சொல்லும், பெஞ்சுக்குள்ளேயே இரண்டு கட்சி பிரியும். முன்பின் தெரியாதவர்கள் மாடியிறங்கிப் போகும்போதும் வாதாடிக்கொண்டே போவார்கள். அடிக்கடி சர்க்கரை பார்க்க வருகிறவர்கள், "இன்னிக்கு என்ன கேள்வி?" என்று கேட்டுக்கொண்டேதான் திரையை விலக்குவார்கள். கேள்விகள் எல்லாமே அவள் வீட்டில் விளைந்தவைதான். வேறு எங்கே போவாள்?

வீட்டில் அவளும் அவள் கணவரும் மட்டும். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். கணவர் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்கத் தெரியாதவர்கள் காலடியில் குந்தி உட்கார்ந்து, அளவுப் பலகையில் பாதத்தை வைத்து, "பெருவிரல் இடிக்குதுங்களா? கொஞ்சம் நடந்து பாருங்க" என்று கேட்கிற வேலை. அதிர்ந்து பேசத் தெரியாதவர். மாலையில் வந்ததும் முதல் காரியம் குளியல். "ஊர்க்காரங்க காலுறை வாசனையோட சாப்பிட உக்கார முடியாது" என்பார்.

அவருடைய அண்ணன் திடீரென்று செத்துப்போனார். தகப்பன் இல்லாத வீட்டில் இவரை வளர்த்து ஆளாக்கியது அந்த அண்ணன்தான். சாவு வீட்டில் எல்லோரும் அழ, இவர் மட்டும் நாற்காலி போடச் சொன்னார், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், அண்ணிக்குத் தெம்பு சொன்னார். "கல்லு மாதிரி நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டான்" என்று உறவு முழுக்கப் பாராட்டியது. அந்தப் பாராட்டுதான் வினையாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. கல் என்று பெயர் வாங்கிய பிறகு எங்கே போய் அழுவது?

குளியலறையில் போய் அழுதார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் அழுதார். முதல் தடவை அக்காவுக்கு என்ன சத்தம் என்றே புரியவில்லை. புரிந்தபோது கதவருகில் போய் நின்றாள். வெளியே வந்தவர் கண்ணெல்லாம் சிவந்து, "சோப்பு பட்டுடுச்சு" என்றார். அவளும் "பாத்து போடக்கூடாதா?" என்றாள். மறுநாளும் சோப்பு பட்டது. அதற்கு அடுத்த நாளும் பட்டது. தினமும் அந்தக் கதவுக்கு வெளியே கையைத் தூக்குவாள், தட்டாமல் இறக்கிவிடுவாள். தட்டினால் அவர் மானம் போய்விடுமோ என்று பயம். தட்டாவிட்டால் அவர் உள்ளேயே உடைந்துபோய்விடுவாரோ என்று அதைவிடப் பயம்.

அவளைக் குறைசொல்ல வாயெடுப்பவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். இவ்வளவு நாளாகக் குடைக்கும் சட்டைக்கும் ஊரைக் கேட்டுப் பழகியவள், நிஜமாகவே பதில் வேண்டியிருந்த ஒரு கேள்வியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு எப்படி இருப்பாள்? ஒரு காலையில், ஓய்வுபெற்ற நடத்துனர் ஒருவரின் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"எங்க பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தருங்க. தினம் குழாயைத் தொறந்துவிட்டுட்டுக் குளியலறையில அழறாரு. அவர் சம்சாரம் கதவைத் தட்டணுமா, கண்டுக்காம விட்டுடணுமா?"

'பக்கத்து' என்ற அந்த ஒரு சொல்லை மறக்காமல் சேர்த்துக்கொண்டாள். அதை எடுத்துவிட்டால் வீட்டுக்காரர் என்றாலே கணவர்தான்.

"விட்டுடணும்மா. ஆம்பளை அழறதைப் பாத்துட்டா அப்புறம் அந்த ஆளு நிமிந்து நடக்க முடியாது" என்றார் நடத்துனர்.

"அதெல்லாம் தப்பு. தட்டணும். தட்டி ஒரு துண்டை நீட்டணும். ஏன் எதுக்குன்னு மட்டும் கேக்கவே கூடாது" என்றாள் பெஞ்சிலிருந்து ஒரு தையல்காரப் பெண்.

"தினம் அழுதா மாடித் தொட்டி காலியாயிடாது? குடியிருக்கிற மத்தவங்க நிலைமை என்னாவறது?" என்றான் ஒரு வங்கிக்காரன். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாள் கழித்து நெஞ்சு லேசானதுபோல இருந்தது அவளுக்கு. அந்த லேசுதான் அவளைக் கெடுத்தது.

வாடிக்கையாளர்கள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "குழாய்க்காரர் எப்படி இருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார்கள். அவள் புதுசு புதுசாகச் சொன்னாள். நேற்று துண்டை வாயில் கடித்துக்கொண்டு அழுததைச் சொன்னாள், சோப்புக் கதையைச் சொன்னாள். "தினம் சோப்பா! சோப்பை மாத்தச் சொல்லுங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். தட்டு, தட்டாதே என்று கட்சி பிரிந்து, ஊசி குத்தியதே தெரியாமல் எழுந்து போனார்கள். வேலை சுலபமாக நடந்தது. சாயங்காலம் அவள் கதவுக்கு வெளியே நின்று மறுநாளைக்குச் சொல்வதற்காகவும் காதைத் தீட்டிக்கொண்டாள். அது தனக்கே தெரிந்தபோது மட்டும் உடம்பு கூசியது. தெரிந்தும் நிறுத்தவில்லை.

அந்த வாரம் செருப்புக் கடை முதலாளி எல்லா ஊழியர்களையும் சர்க்கரை பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். கணவர் அதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டார். கடைக்குப் போகிற வழியில் ஞாபகம் வர, நேராக மாடியேறி, டோக்கன் வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார். குழாய்க்காரரின் குளியலறைக் கதவைத் தட்டணுமா வேணாமா என்று பெஞ்சு வாதாடிக்கொண்டிருந்தது. வழக்கமாக அவளைக் கூட்டிப்போக வந்தால் மருந்துக் கடை வாசலிலேயே நிற்கிறவர். அதனால் மேலே யாருக்கும் அவரைத் தெரியாது.

உள்ளே அதே நடத்துனர். "என்னம்மா, நம்ம குழாய்க்காரர் நேத்தும் அழுதாரா?"

"அதை ஏங்க கேக்கறீங்க? நேத்து குழாயை மூடின பிறகும் அழுகை நிக்கலை. எங்க வீட்டுக்காரர் இப்படி ஒருநாளும்..." என்று போய்க்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா!" என்று வெளியே தையல்காரி குரல் கொடுத்தாள். "பக்கத்து வீட்டுக்காரர்னு சொன்னீங்க, இப்ப எங்க வீட்டுக்காரர்னு சொல்றீங்க. அப்ப உங்க புருஷனா அவரு?"

நடத்துனரின் கண் அவள் முகத்தில் நின்றது. பொய் சொல்லக்கூட அவளுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

"வீட்டு ஓனரைச் சொல்றாங்க போலிருக்குங்க" என்றது வெளியே ஒரு மெதுவான குரல். "ஓனரையும் நாம வீட்டுக்காரர்னுதானே சொல்றோம்? பக்கத்துலயே குடியிருப்பாரா இருக்கும்."

"ஓ, ஓனரா!" என்றது பெஞ்சு. எல்லோருக்கும் சந்தோஷம். ஓனர் அழுகிறார் என்றால் இன்னும் நன்றாக இருந்தது. அன்றைக்கு வங்கிக்காரன் கேட்டதுபோலவே யாரோ, "தண்ணி அவரோடதுதானே, அழட்டும் விடுங்க" என்றார்கள். மறுபடியும் சிரிப்பு.

அந்தக் குரல் யாருடையது என்று அக்காவுக்குத் தெரியாமல் போகுமா? ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் கொடுத்து முடித்திருந்த நடத்துனர் எழுந்து போனார். அடுத்த டோக்கனைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. கூப்பிடாமலே திரை விலகியது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை நீட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"கையை இறுக்கி மூடுங்க" என்றாள்.

"சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவளை 'நீ' என்று மட்டுமே அழைத்தவர். இந்த 'ங்க' அவளைக் காப்பாற்றத்தான் என்று அவளுக்குத் தெரியும். அவள் மானத்தைக் காக்கத் தன் மனைவியை யாரோ ஒருத்தியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கவனத்தை ஊசியிலிருந்து திருப்ப ஒரு கேள்வி வேண்டும். அவளிடம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நேரத்தில் அவர் ஊசி இறங்குவதையும் ரத்தம் ஏறுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க."

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் வெளியேறியதும் தையல்காரி சொன்னாள், "பாவம், அவருக்கு மட்டும் கேள்வியே கேக்காம குத்திட்டாங்களே."

அன்று மாலை அவர் வழக்கம்போல வந்தார். குளித்தார். குழாய் திறக்கவில்லை. காலையில் பிடித்து வைத்த தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க பேரு எதுவும் சொல்லலைங்க. பக்கத்து வீடுன்னுதான் சொன்னேன். கெட்ட எண்ணத்துல கேக்கலை."

"தெரியும்." கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "என்னதான் சொன்னாங்க எல்லாரும்?"

"எதுக்கு?"

"நீ கேட்டதுக்கு. தட்டச் சொன்னாங்களா, வேணாம்னாங்களா?"

"பாதிப் பேருக்கு மேல தட்டச் சொன்னாங்க."

அவர் தலையாட்டினார். கோபம் இல்லை. பெருவிரல் இடிக்கிறதா என்று வாடிக்கையாளரைக் கேட்கிற அதே குரலில் கேட்டார். "அவ்வளவு பேரு சொல்லியும் நீ ஏன் தட்டலை?"

தட்டணுமா என்ற கேள்விக்கு முன்பின் தெரியாதவனெல்லாம் மூச்சுவிடாமல் பதில் சொல்லியிருந்தான். இந்தக் கேள்விக்கு அவள்தான் சொல்ல வேண்டும். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அவள் எச்சில் கை காய உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று பழைய பாட்டையே பாடினாள். வலிக்கிறது என்று முகம் சுளித்தார்கள். "குழாய்க்காரர் என்னம்மா ஆனாரு?" என்று கேட்டவர்களுக்கு, "வீடு மாறிப் போயிட்டாருங்க" என்றாள். அந்தப் பொய்யைச் சொல்லும்போதெல்லாம் நிஜமாகவே யாரோ வீட்டைக் காலிசெய்துகொண்டு போனதுபோல இருந்தது. வீட்டில் குழாய் வாய் திறக்கவில்லை. அவர் அழுகிறாரா, அழுகை நின்றுவிட்டதா, அண்ணனைப்போல அதையும் எங்காவது புதைத்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிட்டது. அடைத்தது அவளேதான்.

அண்ணி வந்து, அண்ணனின் கைக்கடிகாரத்தை இவரிடம் கொடுத்துவிட்டுப் போன அன்று மாலை, குளியலறையில் குழாய் திறந்தது. முழுசாகத் திறந்தது.

அக்கா கதவின் முன்னால் போய் நின்றாள். காதைக் கொடுக்கவில்லை. கொடுக்க அருவருப்பாக இருந்தது. கையைத் தூக்கினாள், தட்டினாள்.

குழாய் நின்றது. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் கேட்டார், "யாரு?"

வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். ஆனாலும் அவர் கேட்டதில் தப்பில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. அந்தக் கதவை இதுவரை யார் தட்டியிருக்கிறார்கள்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தாங்க" என்றாள் கடைசியில். தலையைத் தூக்காமல், உள்தாழ்ப்பாள் விலகுமா என்று காத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.