பச்சை தெரியாத தட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'மறுபடி' என்று பட்டப்பெயர். எந்த முடிவு வந்தாலும், "எதுக்கும் மறுபடி பாத்துடலாமே" என்பாள். விலங்குகளின் மூளையில் வெறிநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் பதினாறு வருஷம்.

அந்தக் கோடையில் வந்த நாய்த்தலை வெயிலில் கிடந்து அழுகியிருந்தது. கரண்ட் மீட்டர் பார்க்கப் போன அவள் தம்பியைக் கடித்த நாய். மூளை கூழாகிவிட்டதால் நேரடிச் சோதனையில் ஒன்றும் பிடிபடவில்லை. மூளைச் சாற்றைத் தட்டில் வளரும் செல்களில் விட்டார்கள். கிருமி இருந்தால் நான்கு நாளில் பெருகும். சாயம் போட்டால் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மினுங்கும்.

நான்காம் நாள் பச்சையே இல்லை.

"நெகட்டிவ்னு எழுதிடுங்க," என்றார் முடிவுகளில் கையெழுத்துப் போடும் டாக்டர்.

அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். பாதிச் செல்கள் செத்து மிதந்தன.

"சார், அழுகல் செல்லையே கொன்னுடுச்சு. அப்புறம் கிருமி எதுல வளரும்? இது நெகட்டிவ் இல்ல, டெஸ்டே நடக்கல."

"தம்பிங்கறதால பயப்படுறீங்க."

சுருக்கென்றது. "யாரா இருந்தாலும் இதான் சொல்லுவேன்," என்றாள். அது உண்மைதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூளைத்தண்டின் உட்பகுதியில் அழுகாத துண்டு கொஞ்சம் கிடைத்தது. செல்கள் சாகாதபடி நன்றாக நீர்க்கச் செய்து மூன்று புதுத் தட்டுகளில் விட்டாள். இன்னும் நான்கு நாள். தம்பி போட வேண்டிய மூன்றாவது வெறிநோய்த் தடுப்பூசி அதற்கு நடுவில் வந்தது.

தம்பி போனில் கத்தினான். "ஒண்ணுமில்லன்னு உங்க ஆபீஸ்லயே சொன்னாங்களாமே! ரெண்டு ஊசிக்கே கை தூக்க முடியல. நான் போக மாட்டேன்க்கா."

"முடிவு இன்னும் வரலடா. போடாம என் வீட்டுப் படி ஏறாத."

போனை வைத்துவிட்டான். அவள் உடனே தம்பி மனைவியைக் கூப்பிட்டு, "கெஞ்சாத, இழுத்துட்டுப் போ," என்றாள். அதன்பின் இரண்டு பக்கமிருந்தும் போன் இல்லை. கேட்க அவளுக்கும் தைரியமில்லை.

எட்டாம் நாள் முதல் தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதன் ஓரத்தில் ஐந்தாறு செல்களுக்குள் பச்சைப் பொட்டுகள். எழுந்து டாக்டருக்கு இடம் விட்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தானே பேனாவை எடுத்து 'பாசிட்டிவ்' என்று எழுதினார்.

தம்பியின் நம்பரை அழுத்தினாள். "ஊசி போட்டியாடா?"

"என் பொண்டாட்டி விட்டாத்தானே! போட்டாச்சு."

ஆய்வுக்கூட நடையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மிச்ச ஊசியை அவன் தானாகவே போய்ப் போட்டுக்கொண்டான். பிழைத்தான். அந்த மாதம் முதல், செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்து எழுதாமல் எந்த நெகட்டிவிலும் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை.