ரொட்டிக்கார கூகுவா

கானா நாட்டுக் கடலோர ஊரான சால்ட்பாண்டின் தபாலாபீசில் முத்திரை குத்துவது அராபாவுக்குப் பிழைப்பு. கதை எழுதுவது பித்து. அதுவும் ஒரு காலத்தில் நிஜமாகவே வாழ்ந்துபோன பெண்களைப் பற்றி மட்டும்தான் எழுதுவாள். தலைநகர் அக்ராவிலிருந்த பதிப்பாளர், "யாராவது ராணியாப் பாத்து எழுதும்மா, விக்கும்" என்று நச்சரித்தார். இரண்டு ராணிகளை எழுதிப் பார்த்தாள். இருவரும் அரியணையை விட்டு இறங்கவே மாட்டோமென்றார்கள்.

அப்போதுதான் பழைய செய்தித்தாள் ஒன்றில் நாலு வரி கண்ணில் பட்டது. வெள்ளைக்காரன் ஆட்சியில், சந்தைத் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவைத்த அதிகாரியின் வாசலில் மூன்று நாள் அசையாமல் உட்கார்ந்து, அதைத் திறக்கவைத்தாளாம் இதே ஊரில் ரொட்டி விற்ற கூகுவா.

"இவதான்!" என்று அராபா துள்ளிய துள்ளலில் மைப்புட்டி கவிழ்ந்தது.

ஊரில் விசாரித்தாள். கூகுவாவுக்கு மூன்று கணவர்கள். மூவரையும் வீட்டைவிட்டு அனுப்பியதும் அவளேதான். அதை அப்படியே எழுத அராபா தயங்கினாள். காரணம், கூகுவாவின் மகள் எவுராமா இன்னும் சந்தையில் புகைபோட்ட மீன் விற்கிறாள், வாய்க்குப் பேர்போனவள். எதற்கு வம்பென்று கதையில் கூகுவாவை ரோசமண்ட் ஆக்கினாள்.

ஆனாலும் மனசு உறுத்தியது. கையெழுத்துப் பிரதியோடு ஒருநாள் மீன்கடைக்கே போய் உட்கார்ந்து வாசித்தாள். கணவர்கள் கதை வந்ததும் குரல் தானாக இறங்கியது.

"சத்தமா வாசிடி, பக்கத்துக் கடைக்கும் கேக்கட்டும்!" என்று எவுராமா குலுங்கிச் சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "ஆமா, யாரு இந்த ரோசமண்ட்?"

"உங்க அம்மாதான் ஆன்ட்டி. கோவிச்சுக்குவீங்களோன்னு பேரை மாத்திட்டேன்."

"வெயில்ல மூணு நாள் குந்தினது எங்கம்மா. பேரு மட்டும் எவளோ ஒருத்திக்கா?"

அராபா பேனாவை எடுத்து ரோசமண்டை அடித்தாள்.

"இன்னொண்ணு," என்றாள் எவுராமா, குரல் தணிந்து. "ரெண்டாவது புருஷனைச் சிரிச்சுக்கிட்டே அனுப்பினதா எழுதியிருக்க. அந்தாளு போனப்புறம் அம்மா ரெண்டு நாள் அடுப்பு மூட்டல. ஊருக்கே ரொட்டி இல்ல."

அந்தப் பக்கத்தை அராபா அங்கேயே கிழித்துப்போட்டாள். புதிதாக எழுத ஒரு மாதம் பிடித்தது.

முணுமுணுத்துக்கொண்டே பதிப்பாளர் முந்நூறு பிரதி போட்டார். அட்டையில் கூகுவா என்றே பெயர். எவுராமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலென்ன? மீன்கூடைக்குப் பக்கத்தில் புத்தகம் எப்போதும் இருக்கும். படித்தவர் யார் வந்தாலும் ஒரு பக்கம் உரக்க வாசித்த பிறகுதான் மீன் கை மாறும்.