பேர் இல்லாத பேஸ் கிட்டார்

பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர் பேசிய ஒரே வாக்கியத்தை நம்பித்தான் நான் கழுத்தை நீட்டினேன். "கிட்டாரெல்லாம் வாசிப்பீங்களாமே, எங்க வாங்குனது?" என்று என் சித்தப்பா கொஞ்சம் நக்கலாகவே கேட்டார். "வாங்கலீங்க, நானே செஞ்சது" என்றார் மாப்பிள்ளை.

அப்பாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. பெருமுக்கலில் மல்லாட்டைக் கடலை போடும் விவசாயக் குடும்பம் எங்களுடையது. எலக்ட்ரீஷியன் வேலை சரி, கூடவே ஊர் ஊராக ஆர்கெஸ்ட்ராவோடு சுற்றுகிறவன் என்றால் எப்படி என்று இழுத்தார். நான்தான் அம்மாவைப் பிடித்து சரி என்று சொல்லச் சொன்னேன். வெறும் மரத்தை இழைத்துப் பாட்டு வரவைக்கத் தெரிந்தவன் என்னைப் பட்டினி போட மாட்டான் என்று தோன்றியது. அப்பா இல்லை, அம்மா மட்டும், ஒரே பையன், பிக்கல் பிடுங்கல் இல்லாத இடம் என்று தரகர் அடுக்கியதை நான் காதில் வாங்கவே இல்லை. 2004 தை மாதம் கல்யாணம் முடிந்து மரக்காணத்துக்கு வந்தேன்.

கிட்டாருக்கு நாலு கம்பி, கருஞ்சிவப்புப் பெயின்ட், நல்ல கனம். தோளில் மாட்டினால் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார். மற்றவர்களின் கிட்டாரில் கம்பெனி பேர் இருக்கும் தலைப்பகுதியில் இதில் ஒன்றும் இல்லை. தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருக்கும். சொந்தமாகச் செய்ததற்குப் பேர் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் எனக்குப் புரியாத இன்னொரு பொருள் கட்டில். காலும் சட்டமும் நல்ல பூவரசு. ஆனால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பலகை இல்லை. தலையணை அடிக்கடி பின்பக்கம் விழுந்துவிடும். கறையான் அரித்துவிட்டது என்றார் அத்தை, அதாவது என் மாமியார். நடுவை விட்டுவிட்டு இரண்டு ஓரத்தை மட்டும் தின்னும் கறையானை நான் கேள்விப்பட்டதில்லை. புது மருமகள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அத்தை பேசுகிற ஆளும் இல்லை. விடியும்போது உப்பளத்துக்குப் போவார், வெயில் ஏறியதும் வருவார், உப்பு வாரும் பலகையைக் கொல்லைச் சுவரில் சாத்திவிட்டுப் படுத்துவிடுவார்.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது, அதற்குப் பிறகு தை, மாசி, பங்குனி எதிலும் கடற்கரை ஊர்களில் கச்சேரி கிடையாது. அடுத்த ஆடியில்தான் மறுபடி மேடை போட்டார்கள். கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு அம்மன் கோயில் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். குழுவில் புதுச்சேரியிலிருந்து ஒரு கிட்டார்காரர் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவர் எங்கள் கிட்டாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது ஜப்பான் சரக்கு, பழசு, யாரோ பேரைச் சுரண்டியிருக்கிறார்கள் என்றார். நானே செய்தது என்றார் என் வீட்டுக்காரர். குழுவே சிரித்தது. அப்படியானால் எனக்கும் ஒன்று செய்து கொடுங்களேன் என்று புதுச்சேரிக்காரர் சீண்ட, இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தீபாவளிக்குள் தருகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்தாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தச் சொரசொரப்பு விரலில் இருந்துகொண்டே இருந்தது. பேரே எழுதாத இடத்தை யார் எதற்குச் சுரண்ட வேண்டும்?

திண்டிவனத்திலிருந்து பலகை வந்து இறங்கியது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நிமிர்த்தி வைத்தார், படுக்க வைத்தார், பென்சிலால் கோடு போட்டார், கோட்டை அழித்தார். ஒருநாள் அறுத்தார். இரண்டு துண்டைச் சேர்த்து ஆணி அடித்ததில் ஓரம் பிளந்துகொண்டது. என்ன ஆச்சு என்றால் மரம் சரியில்லை என்றார். உள்ளே இருக்கும் காந்தம், செப்புக் கம்பிச் சுற்று, எந்த வயர் எங்கே போகிறது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவார். மரத்தை எப்படி வளைத்தீர்கள், கழுத்தை எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டால் வெளியே ஏதோ வேலை வந்துவிடும்.

பொய் சொல்கிறார் என்றால் வயர் விஷயம் எப்படி இவ்வளவு தெரியும்? நிஜம் என்றால் மரம் ஏன் கைக்கு அடங்க மாட்டேன் என்கிறது? ஒரே ஆள் பாதி கிட்டாரை மட்டும் எப்படிச் செய்திருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. புதுச்சேரிக்காரர் வேறு வாரத்துக்கு ஒன்று சொன்னார். ஜப்பான் இல்லை, கல்கத்தா என்றார். பிறகு கல்கத்தாவும் இல்லை, கோவாவில் யாரோ செய்தது என்றார். எனக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான். இவர் செய்யவில்லை என்றால், நான் கட்டிக்கொண்டது யாரை?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் முழுக்க ஏரி மாதிரி தண்ணீர். அத்தைக்கு வேலை இல்லை, கச்சேரியும் இல்லை, வீட்டில் எல்லாம் நசநசவென்று இருந்தது. ஒரு மத்தியானம் கிட்டாரைத் துடைக்க எடுத்தேன். ஈரத்தில் முதுகுப் பக்கத்துப் பெயின்ட் உப்பியிருந்தது, துணி பட்டதும் பொருக்குப் பொருக்காக வந்தது. அடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு வட்டப் பொட்டுகள். ஓரத்தில் பார்த்தால் ஒரே கட்டை இல்லை. இரண்டு பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்திருந்தது.

அந்தப் பொட்டுகளை நான் தினமும் எங்கேயோ பார்க்கிறேன் என்று தோன்றியது. மழையோடு கொல்லைக்குப் போனேன். அத்தையின் உப்பு வாரும் பலகையில் அதே வட்டம், அதே அளவு. மூங்கில் ஆணி. இரும்பு ஆணி அடித்தால் உப்புத் தண்ணீர் ஒரே வருஷத்தில் தின்றுவிடும் என்று உப்பளத்துப் பலகைகளுக்கு மூங்கிலைச் சீவித்தான் இறக்குவார்கள். என் வீட்டுக்காரரோ இரும்பு ஆணியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அவர் அடித்த ஆணியெல்லாம் துருப்பிடித்துச் சுவரில் பழுப்பாக வழிந்துகொண்டிருந்தது.

ஜப்பானும் இல்லை, கோவாவும் இல்லை, இவரும் இல்லை. இதைச் செய்தவர் இங்கே உப்பளத்தில் நின்று வேலை பார்த்த ஆள். கிட்டாரைக் கொண்டுபோய் அவர் முன்னால் கவிழ்த்துப் போட்டு, யார் என்று கேட்டேன்.

"எங்கண்ணன்" என்றார்.

ஒரே பையன் என்றுதானே சொன்னார்கள் என்று கத்தினேன். அவர் தணிந்த குரலில் சொன்னதை என்னால் முதலில் வாங்கிக்கொள்ளவே முடியவில்லை. நான் வருவதற்குப் பல வருஷம் முன்னால் அண்ணன் குப்பத்தில் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்த் தாலி கட்டியிருக்கிறார். அத்தை அன்றைக்கே தலையில் தண்ணீர் ஊற்றி, பெரிய பிள்ளையைத் தலைமுழுகிவிட்டார். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் ஒருத்தரும் அந்தப் பேரை எடுத்ததில்லை. அவர்களைப் பொறுத்தவரை ஒரே பையன் என்று தரகரிடம் சொன்னது பொய்யே இல்லை. முழுகிய பிறகு கணக்கில் ஒருவர்தான்.

"அப்ப நான் செஞ்சதுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"எங்கண்ணன் செஞ்சதுன்னு சொல்லியிருந்தா, எந்த அண்ணன்னு உங்க சித்தப்பா கேட்டிருப்பாரு."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பொய் சொன்ன இவர் மேலா, பொய் சொல்ல வைத்த அத்தை மேலா? ஒரு கிட்டாரைப் பார்த்து மயங்கிய என் மேலேயே கூட வந்தது. எனக்கு ஒரு மூத்தார் உயிரோடு இருக்கிறார், அவர் கைவேலையைப் பார்த்துத்தான் நான் அவர் தம்பியைக் கட்டியிருக்கிறேன் என்றால் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் சத்தம் கேட்டது. புதுச்சேரிக்காரர் நனைந்தபடி வந்து இறங்கினார், தீபாவளி வந்துவிட்டதே, என் கிட்டார் எங்கே என்று கேட்டுக்கொண்டே. கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்ததும் உட்கார்ந்து பொட்டுகளைத் தடவினார். அத்தை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏம்பா, நெசமா சொல்லு. இத யாருதான் செஞ்சது?" என்றார் புதுச்சேரிக்காரர்.

நான் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தேன். இப்போதும் நான்தான் என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் பெருமுக்கலுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டேன். அவர் அத்தையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"நான் செய்யலப்பா" என்றார். "உள்ள கம்பி சுத்துனது மட்டும்தான் நானு."

பாதிக் கிட்டார் கணக்கு ஒருவழியாகச் சரியாகியிருந்தது. அவர் கிட்டாரைச் செய்தவர் இல்லை. ஆனாலும் நான் பஸ் ஏறப்போவதில்லை என்று மட்டும் தெரிந்தது.

"பின்ன யாரு?" என்றார் புதுச்சேரிக்காரர், ஒன்றும் புரியாமல்.

"பெரியவன்" என்றது அத்தையின் குரல்.

நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். அத்தை கருவாட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கட்டில்ல இருந்த பலக ரெண்டையும் நான்தான் கழட்டிக் குடுத்தேன். ஆச ஆசயா கேட்டான். தன் பேர வேற செதுக்கி வச்சிருந்தான். அவன் போனப்பறம் அதச் சொரண்டுனதும் நான்தான். கண்ணாடிச் சில்லால."

புதுச்சேரிக்காரருக்கு இது வீட்டு விஷயம் என்றே உறைக்கவில்லை. அந்த ஆள் இப்போது எங்கே, ஒன்று செய்து தருவாரா என்று கேட்டார். கோட்டக்குப்பத்தில் துபாய்க்காரர் வீடுகளுக்குக் கதவு, ஜன்னல் செய்கிறானாம் என்று அத்தை சொன்னார். என் வீட்டுக்காரருக்கே தெரியாத விவரம் அது.

"அங்க போய் யாருன்னு கேக்கறதும்மா? அவரு பேரு இன்னா?"

அத்தை எழுந்து கையைக் கழுவினார். புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, கிட்டாரின் தலையைத் தன் பக்கம் திருப்பினார். சொரசொரப்பான அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார், பேர் வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி திறந்தார். இரண்டாம் தரம் வந்தது.

கல்யாணமாகி அத்தனை மாதம் கழித்து, என் மூத்தாரின் பேரை நான் கேட்டது அப்போதுதான்.