பாகூருக்கு ஒரு சாவு சேதி கொண்டுபோன கதை

பொங்கல் முடிந்த மறு வாரம் பாகூர் போய் வந்தேன். ஏரியில் பறவை பார்க்கத்தான் கிளம்பினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அது இல்லை. இந்த வலைப்பூவைப் படிக்கும் செல்வி என்ற பெண் போன் செய்து, "அக்கா, எங்க மாமியாருக்கு அடுத்த வாரம் இதய ஆபரேஷன். அதுக்கு முன்னாடி நீங்க எங்க வூட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள். என்ன வார்த்தை என்றால், "வாங்க, நேர்ல சொல்றேன்" என்கிறாள். ரிட்டயர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை? கிளம்பிவிட்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக: நான் சென்னையில் ஒரு பழைய மனநல மருத்துவமனையில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே வெளிநாட்டு நோயாளிகளை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று போன வருஷம் எழுதியிருந்தேன். எங்கள் சீனியர்கள் வழிவழியாகச் சொன்ன கதைதான். கப்பல்காரன், சிப்பாய் என்று வந்த வெள்ளைக்கார நோயாளிகளுக்குத் தனி அறை, மேஜை, ரொட்டி, சூப்பு. கொஞ்சம் தேறினால் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். ஆனால் பாண்டிச்சேரிப் பக்கத்து ஆட்களும் அன்று வெளிநாட்டவர்தான், ஏனென்றால் அது பிரெஞ்சுக்காரன் மண். அவர்களுக்கு ரொட்டியும் இல்லை, கப்பலும் இல்லை. எல்லோரோடும் கஞ்சி குடித்துக்கொண்டு, 'உங்கள் சர்க்கார் எழுதட்டும்' என்று காத்திருக்க வேண்டியதுதான். அதைப் படித்துவிட்டுத்தான் செல்வி என்னைப் பிடித்தாள்.

காலை ஐந்து மணிக்குச் சென்னையில் பஸ் ஏறினால் எட்டரைக்குப் புதுச்சேரி. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பத்து கிலோமீட்டர் வில்லியனூர். கோயிலில் கூட்டமே இல்லை, நிம்மதியாகக் கும்பிட்டேன். வாசலில் பொங்கலும் வடையும் நாற்பது ரூபாய், வடை மட்டும் கல்லு. வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு கிலோ லட்டும் நாலு முழம் மல்லியும் வாங்கிக்கொண்டேன். இது ஒரு முட்டாள்தனம் என்று பிறகு தெரிந்தது.

பாகூருக்கு ஆட்டோக்காரர் நானூறு ரூபாய் கேட்டார், பேரம் பேசி முந்நூற்றைம்பது. இருபுறமும் கரும்பு, அறுப்புக்கு நிற்கிற நெல். வழியில் ஒரு தமிழ்நாடு போர்டு, கொஞ்ச தூரத்தில் ஒரு புதுச்சேரி போர்டு, மறுபடியும் தமிழ்நாடு.

"இன்னாப்பா இது, கண்ணாமூச்சியா?" என்றேன்.

"போர்டையெல்லாம் யாருக்கா பாக்குறா? பிராந்திக் கடை வந்தா பாண்டி, இல்லன்னா தமிழ்நாடு. எங்க மாமனாருக்கு வூடு இங்க, கொல்லை அங்க" என்று சிரித்தார் டிரைவர்.

எனக்கும் சிரிப்பு வந்தது. செல்வியைப் பார்க்கிற வரைக்கும்தான்.

பாகூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி அவர்கள் ஊர். குடும்பம் கேட்டுக்கொண்டதால் பேர் போடவில்லை. ஊர் முனையிலேயே ஸ்கூட்டியை நிறுத்திக் காத்திருந்தவள், என் கையைப் பார்த்து அலறிவிட்டாள். "அய்யய்யோ, பூவும் ஸ்வீட்டுமா எடுத்தாந்தீங்க! சாவு சேதி சொல்ல வர்றவங்க இதெல்லாம் கொண்டாரலாமா?"

"யாரடி செத்தது?" என்றேன். பதற்றத்தில் 'டி' வந்துவிட்டது.

செத்தது அமிர்தம். செல்வியின் மாமியார் பேர் கோவிந்தம்மாள்; அவருடைய மாமனாரின் அக்கா. பிரெஞ்சுக்காரன் காலத்தில், பிள்ளை பெற்ற சில மாதங்களில் அவளுக்குப் புத்தி தடுமாறியிருக்கிறது. நடந்தே கடலூர் போயிருக்கிறாள். இங்கிருந்து கூப்பிடு தூரம், ஆனால் அது இங்கிலீஷ்காரன் ஊர். அந்த ஊர் போலீஸ் பிடித்து மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டது. தம்பி ஒருமுறை மெட்ராஸ் போய்ப் பார்த்தாராம். கூட அனுப்புங்கள் என்றதற்கு, வேறு நாட்டு ஆள், உங்கள் சர்க்கார் பேப்பர் வேண்டும் என்றிருக்கிறார்கள். அந்தப் பேப்பருக்கு அலைந்தே அவர் காலம் போயிற்று. அக்கா என்ன ஆனாள் என்று யாரும் சொல்லவே இல்லை.

இந்தப் பக்கம் பல வீடுகளில் பூவாடைக்காரி படையல் உண்டு. குடும்பத்தில் இறந்துபோன பெண்களுக்குப் புதுப்புடவையும் பூவும் வைத்துக் கும்பிடுவார்கள். எல்லோருக்கும் புடவை உண்டு, அமிர்தத்துக்கு மட்டும் கிடையாது. சேதி வராத வரை அவள் உயிரோடு இருக்கிறவள்தான், படைத்தால் பாவம் என்று தம்பி சொல்லிவிட்டாராம். அவர் போன பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார் கோவிந்தம்மாள்.

"எங்க வூட்டுக்காரு கத்திப் பாத்துட்டாரு. 'எம்மா, இன்னும் இருந்தா நூத்திப் பத்து வயசுக்கு மேல, பேப்பர்ல போட்டிருப்பான்'னு. அது கேக்கல. அந்த ஆஸ்பத்திரி ஆளு ஒருத்தர் வந்து சொல்லட்டும், நம்புறேன்னுது."

அப்படி என்ன பிடிவாதம் என்று கேட்டேன். செல்வி குரலைத் தாழ்த்தினாள். "எங்க வூட்டுக்காரு பொறந்தப்ப மாமியாருக்கும் அதே மாதிரி ஆச்சாம். ராவெல்லாம் எழுந்து ஓடுமாம். எல்லாரும் ஆஸ்பத்திரில வுடுங்கன்னாங்க. இதோட மாமனாரு, அமிர்தத்தோட தம்பிதான், வாசப்படியில பாய் போட்டுப் படுத்துக்கினு, 'ஒருத்தியக் குடுத்தது போதும், இன்னொருத்தியத் தரமாட்டேன்'னாராம். ஆறு மாசத்துல தேறிடுச்சு. தான் போறதுக்குள்ள அமிர்தத்துக்கு ஒரு புடவை வச்சிடணும்னு தவிக்குது."

ஆஸ்பத்திரியில் விடச் சொன்னவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது, நான் அந்த ஆஸ்பத்திரிக்காரிதான். ஆனால் ஒரு சிக்கல். உறுதியாகத் தெரியாத சாவை நான் யாருக்கும் சொன்னதில்லை. அந்தக் காலத்து விவரம் கிடைக்குமா என்று பழைய சகாக்களுக்கு அங்கேயே போன் போட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். என் சர்வீஸில் எத்தனையோ வீடுகளுக்குச் சாவு சேதி சொல்லியிருக்கிறேன். "நீங்களே பாத்து முடிச்சிடுங்க" என்று போனை வைத்தவர்கள்தான் அதில் பாதி. இங்கே ஒரு வீடு இத்தனை வருஷமாக அந்தப் போனுக்காகக் காத்திருக்கிறது. சரி, நட என்றேன். லட்டும் பூவும் ஆட்டோக்காரருக்குப் போயிற்று.

சேதி சொல்கிறவர் படி ஏறக்கூடாது. தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. சொல்லிவிட்டு, போயிட்டு வரேன் என்று சொல்லாமல் திரும்பிவிட வேண்டும். வாசலில் நின்றேன். உள்ளே நாற்காலியில் ஒல்லியாக ஒரு அம்மா, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலேருந்து வரேன். உங்க வீட்டு அமிர்தம் தவறிட்டாங்க."

தெரிந்த சேதிதானே, ஒப்புக்குத் தலையாட்டுவார் என்று நினைத்தேன். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் பிள்ளை, இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் திரும்பப் போகும்போது அந்த அம்மா கேட்டார்: "கடைசியில யாரும்மா கூட இருந்தா?"

அதற்கு நான் தயாராக வரவில்லை. ஆனால் வார்டு எனக்குத் தெரியும். யாருமே வராத நோயாளிக்கும் கடைசி நேரத்தில் ஒரு நர்ஸோ, பக்கத்துக் கட்டில்காரியோ கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"நாங்க இருந்தோம்மா" என்றேன். போயிட்டு வரேன் என்று சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

பகல் முழுக்கப் பாகூர் ஏரிக்கரையில் கழிந்தது. தண்ணீர் நிறைந்து கிடந்தது, நாரைகள் நின்றன. போட்டோ எடுக்கத் தோன்றவில்லை, மன்னிக்கவும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது செல்வியின் ஸ்கூட்டி வந்தது. கையில் ஒரு தூக்கு, ஒரு மஞ்சள் பை.

"சேதி கேட்டதும் எல்லாரும் தலை முழுகிட்டோம், படையலும் போட்டாச்சு. வூட்லதான் சாப்பிடக்கூடாது, பஸ் ஸ்டாப்புல சாப்பிடலாமில்ல?" என்றாள். கொழுக்கட்டையும் சாம்பார் சாதமும். பையில் அரக்குப் பார்டர் போட்ட பச்சைப் புடவை, மடிப்பில் மஞ்சள் தடவியிருந்தது. படைத்த புடவையை வீட்டுப் பெண்தான் கட்டுவது வழக்கம்.

"இது எனக்கு எதுக்குடி?"

"கூட இருந்தவதான் கட்டணும்னுது எங்க மாமியார். அப்புறம், காலையில சொல்லாம போனீங்கல்ல, இப்ப சொல்லிட்டுப் போகச் சொல்லுச்சு."

போயிட்டு வரேன் என்றேன். அழுதுகொண்டேதான்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி நல்ல மாதங்கள். பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபது கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. ஏரிக்கரையில் நிழல் குறைவு, தொப்பி வேண்டும். கோவிந்தம்மாளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வீடு திரும்பிவிட்டார்.

இன்னொன்று. உங்கள் வீட்டு ஆள் யாராவது என் மாதிரி நர்ஸ்கள் பார்த்துக்கொள்ளும் வார்டில் இருந்தால், பாகூர் அப்புறம் போகலாம், முதலில் அங்கே போங்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் பார்வையாளர் நேரம் உண்டு. எந்தச் சர்க்கார் பேப்பரும் யாரும் கேட்கமாட்டார்கள்.